கப்பல் படம்

போன மாதம் ஈப்போவில் என் மகன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். காலேஜில் சினிமா பற்றிப் படிக்கிற பேரன், பாடத்துக்கு வேண்டும் என்று டிவியில் ஒரு பழைய ஊமைப்படத்தைப் போட்டான். இரண்டு கப்பல்காரர்கள் ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு, கயிற்றில் தொங்கித் தொங்கிச் சண்டை போடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினேன். தட்டுக்கு என்ன கேடு என்று மருமகள் கேட்டாள். அவளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. என் வயதுக்காரர்களான உங்களுக்குத்தான் புரியும். அதுவும் சிவப்பு ஐசி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களாக இருந்தால் பாதி சொன்னாலே போதும். ஆனாலும் முழுசாகவே சொல்கிறேன். பாதி சொல்லிப் பாதி விழுங்கித்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பத்து காஜா டவுனிலிருந்து உள்ளே போக வேண்டும். இப்போது அங்கே டெரஸ் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மழைநாளில் கூலிக்காரர்களின் லயத்து வரிசைவீட்டில் ஒழுகாத இடம் தேடிப் பாய் போட்டவளிடம் வந்து தோட்டத்து அருமை பெருமை பேசாதீர்கள். அப்போது எனக்குப் பத்து வயது. தம்பி அம்மா இடுப்பில் இருந்தான். நாங்கள் இருவரும் அம்மாவும் இங்கே பிறந்தவர்கள். அப்பா மட்டும் ஏழு வயதில் இந்தியாவில் ஊரிலிருந்து கப்பலில் வந்தவர். எங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, அவருக்கு மட்டும் சிவப்பு ஐசி, அதாவது மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. குடியுரிமைக்காரர்களின் நீல ஐசிக்கு மனுப் போடச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை நச்சரித்திருக்கிறாள். பால் வெட்டுகிறவனுக்கு எந்தக் கலராக இருந்தால் என்ன என்று அப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். ஆபீஸ் என்றாலே அவருக்குப் பயம்.

அந்த வருஷம் சட்டம் வந்தது. சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது, பெர்மிட் கிடைக்காதவர்கள் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்று பேச்சு. பேச்சு மட்டுமில்லை. எங்கள் லயத்திலேயே இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. போவதற்கு முன்னால் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய், போட்டோ கடையில் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் போட்டோவுக்கு எங்கள் லயத்தில் ‘கப்பல் படம்’ என்று பெயராகிவிட்டது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் தலையை இழுத்துப் பின்னி, காது இரண்டும் தெரிய, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் படத்துக்குப் போனாள். அடுத்த மாதம் அவள் வீட்டுக் கதவில் பூட்டு. அதற்கப்புறம் யாராவது கொஞ்சம் அழுத்தித் தலை சீவினால்கூட, “என்னா, கப்பல் படத்துக்கா?” என்று கேலி பேசுவார்கள். கேட்டவர்களுக்கே முகம் சுருங்கிப் போகும்.

அப்பாவின் பெர்மிட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தது பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்தான். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, கையில் எப்போதும் குடை. அவர் பேசுகிற தமிழில் பாதி எங்களுக்குப் பிடிபடாது. நாங்கள் பேசுவதில் பாதி அவருக்குப் பிடிபடாது என்று இப்போது தோன்றுகிறது. ஈப்போ ஆபீஸிலிருந்து கடிதம் வரும், நேரில் கூப்பிடுவார்கள், நானே கூட வருகிறேன் என்று அவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். மூன்று மாதமாகக் கடிதம் வரவில்லை. முதலில் தினமும் கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆளெல்லாம் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற நேரத்தில், பெரிய கிராணி எழுந்து சொன்னார். அம்மா அதை வார்த்தை மாறாமல் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

“வாற ஞாயிறு பின்னேரம் ஸ்டோரில கப்பல் படம். பேசாத படம். எல்லாரும் வரவேணும். பிள்ளையளின்ர பேரையும் மண்டோரிட்டக் குடுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அவர் சொன்னது சினிமா. வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுப் போவதற்காகப் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு பழைய படம் காட்டுகிற மெஷினும், தகர டப்பாக்களில் ஊமைப்படச் சுருள்களும் அகப்பட்டிருக்கின்றன. போவதற்கு முன்னால் ஆட்களுக்கு ஒருநாள் காட்டிவிட்டுப் போகலாம் என்று துரைக்கு ஆசை. ஆளுக்கொரு பன் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் பெயர்க் கணக்கு. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு லயத்துக்கு வந்து சேர்ந்த சேதி வேறு. கப்பல் படம் பிடிக்கப் போகிறார்கள். ஈப்போவுக்குக் கூட்டிப் போகிற வேலை மிச்சம் என்று மெஷினைத் தோட்டத்துக்கே கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும். பேசாத படம் என்றால் என்னவென்று மண்டோரைக் கேட்டார்கள். அவர் வேலையாட்களை மேய்க்கிறவர், தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? படம் பிடிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் முகம் கோணலாக விழும், அதைத்தான் கிராணி அப்படிச் சொல்கிறார் என்று விளக்கம் கொடுத்தார்.

கிராணியிடம் ஒருத்தர் போய்க் கேட்டிருந்தால் தீர்ந்தது. அம்மா அப்பாவைக் கேட்கச் சொன்னாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கேட்டா நம்ம பேரு அவருக்கு ஞாபகம் வந்துரும்லா. சும்மா இருக்கறவர எதுக்கு எழுப்பணும்?”

நாற்பது வீட்டிலும் இதே நினைப்புத்தான் போலிருக்கிறது. மூன்று நாள் எங்கள் லயம் இருந்த இருப்பை இன்னும் மறக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் தீபாவளிக்கு என்று வளர்த்த ஆட்டை வெள்ளிக்கிழமை சாயந்திரமே அறுத்துவிட்டார். சுற்றி இருந்த வீட்டுக்கெல்லாம் கறி கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்தது, மிளகும் தேங்காயும் மணத்தது, ஒருத்தரும் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. அம்மா தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்குவாள், பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடியில் போடுவாள். அப்பா உளிக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். மரம் சீவுகிற கத்தி அது, அவ்வளவு கூர் தேவையே இல்லை. எனக்கு ஒரே யோசனை, காதை மறைத்துச் சீவினால் படத்தில் விழாமல் தப்பிக்கலாமா என்று.

சனிக்கிழமை அப்பா முடிவு செய்துவிட்டார். அவர் ஸ்டோருக்கு வரப்போவதில்லை. பெயர் கொடுத்துவிட்ட அம்மாவும் நாங்களும் போகாவிட்டால் சந்தேகம் வரும், அதனால் நாங்கள் போக வேண்டும். பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கு அந்தப் பக்கம், பஸ் போகிற சடக்குக்கு, அதாவது பெரிய ரோட்டுக்கு, ஏறுகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். ஸ்டோரிலிருந்து அந்த இடத்துக்கு என் ஓட்டத்துக்குப் பத்து நிமிஷம். நாலு மணி பஸ் வருகிறவரை பார்ப்பார். ஆபத்தில்லை என்றால் நான் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். நான் போகாவிட்டால் விஷயம் நிஜம் என்று அர்த்தம், பஸ் ஏறிவிடுவார். எங்கே போவீர்கள் என்று அம்மா கேட்டாள். அது உனக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது, யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று சத்தியம் பண்ணலாம் என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஓடிருவல்ல? வழியில எதையாச்சும் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது.”

நிற்க மாட்டேன் என்றேன். வாக்குக் கொடுப்பதற்கென்ன, வாய்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோருக்குப் போனோம். ரப்பர் சீட் உலர்த்தி அடுக்குகிற கூடம் அது. ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். புளித்த பால் வாடையும் புகை வாடையும் சாக்கு வாடையும் கலந்து மூச்சை அடைத்தது. ஜனங்கள் தலையைப் படியப் படிய வாரி, இருக்கிறதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, ஒரு சத்தமில்லாமல் நின்றார்கள். வாயைத் திறக்கக் கூடாதே. எதிரே ஒரு வெள்ளைப் படுதா தொங்கியது. நடுவில் மெஷினுக்குப் பக்கத்தில் துரை சிரித்துக்கொண்டு நின்றார். பெரிய கிராணி எங்களைப் பார்த்துத் திகைத்துப் போய், ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள், தரையில் உட்காருங்கள், உட்கார்ந்து பார்த்தால்தானே படம் தெரியும் என்றார். யாரோ ஒரு பெண், “படம்னா சினிமாவாங்கய்யா?” என்று மெல்லக் கேட்டாள். பின்னே என்ன என்றார் அவர்.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது. அப்புறம் சிரிப்பு. மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: “ஓடு. வெறும் சினிமாதான்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வா.”

ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், கதவு வரைக்கும். கதவில் கை வைத்தேன். பின்னால் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். படுதாவில் ஒரு கப்பல் வந்தது.

அதற்கு முன்னால் நான் கப்பலைப் பார்த்ததில்லை. மூன்று மாதமாக எங்கள் வீட்டையே ஆட்டி வைத்த கப்பல் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு தடியன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். ஓர் ஒல்லிக்காரன் கோடு போட்ட சட்டையோடு வந்தான். இருவருக்கும் ஒரே பெண் மேல் ஆசை, ஒரே கப்பலில் வேலை. தடியன் ஒல்லிக்காரனைப் பாய்மரத்தில் கட்டிப்போட்டான். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும், பெரிய கிராணி அதைத் தமிழில் படிப்பார். “என்ர கப்பலை விட்டு இறங்கடா எண்டு சொல்றான்” என்று அவர் சொன்னபோது ஜனம் ஆரவாரம் செய்தது. மூன்று நாள் பயத்தையும் அப்படித்தான் கக்கித் தீர்த்தார்களோ என்னவோ. நானும் கத்தினேன். போகணும், போகணும் என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. கட்டை அவிழ்த்துக்கொண்டு தப்பித்துவிட்டானா என்று பார்த்துவிட்டுப் போகலாம். கத்தி யார் கைக்குப் போகிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம். கால் நகரவில்லை.

நடுவில் சுருள் மாற்ற மெஷினை நிறுத்தினார்கள். கதவைத் திறந்துவிட்டு, பன்னும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அப்போதாவது ஓடியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, சொல்லிவிட்டாயா என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லவில்லை என்றால் அடி விழும். அடி விழுந்தால்கூடப் பரவாயில்லை, மிச்சப் படம் போய்விடும். பத்து வயதுப் புத்தி அதற்குமேல் ஓடவில்லை. அம்மா முகம் மலர்ந்து போயிற்று. தன் பங்குப் பன்னையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். இரண்டு பன்னையும் தின்றுவிட்டு, திரும்பவும் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

புயல் வந்தது. தடியன் கடலில் விழுந்தான். ஒல்லிக்காரன் அவனை விட்டுவிட்டுப் போவானா காப்பாற்றுவானா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். காப்பாற்றுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்தேன்.

குட்டைக்கு அந்தப் பக்கம் புல் நசுங்கிக் கிடந்தது. ஆறு பீடித்துண்டு கிடந்தது. நான் அங்கேயே நின்று, சடக்கு இரண்டு பக்கமும் ஆளில்லாமல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. இரண்டாம் நாளுக்குள் அது சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. சினிமாதான் என்று பிள்ளை ஓடிப் போய்ச் சொல்லியும் ஒரு மனுஷன் பஸ் ஏறிப் போயிருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? அம்மாவுக்கு ஓர் அர்த்தம்தான் தெரிந்தது. லயத்துப் பெண்கள் அதற்குக் கை கால் வைத்துக் கொடுத்தார்கள். எங்கேயோ வேறு குடும்பம் இருக்கிறதாம், கப்பலைச் சாக்கு வைத்து நழுவிவிட்டாராம். அம்மா முதலில் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

புதன்கிழமை பெரிய கிராணி குடையோடு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். ஈப்போவிலிருந்து கடிதம் வந்துவிட்டது, அடுத்த செவ்வாய் அப்பா நேரில் போக வேண்டும். அவர் எங்கே என்று அம்மாவைக் கேட்டார். தெரியாது என்றாள். சத்தியமே பண்ணினாள். கிராணி என்னைப் பார்த்து, “கொப்பர் உனக்கும் ஒண்டும் சொல்லேல்லையோ பிள்ளை?” என்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பாரிட் புந்தாரில் இருந்த அத்தைக்குக் கடிதம் போட்டார்கள். அங்கே வரவில்லை என்று பதில் வந்தது. செவ்வாய் வந்தது, போயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராத ஆளைத் தோட்டத்தில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பேர் வெட்டிவிட்டார்கள். வேலை இல்லாதவனுக்குப் பெர்மிட் கிடையாது.

பத்தொன்பதாம் நாள் அப்பா வந்தார். பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கே வந்த லோரிக்காரன் ஒருத்தன், பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில், கப்பலில் இரண்டு பேர் சண்டை போடுகிற சினிமாவுக்குப் பயந்து ஆடு அறுத்த கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். கேட்ட நிமிஷமே கிளம்பி வந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் கிழிந்து கிடந்தது. வாசலில் லயமே கூடிவிட்டது. நான் கதவோரம் நின்றேன். இன்றைக்கு நான் செத்தேன் என்று நினைத்தேன்.

அம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“புள்ள வந்து சொல்லுச்சுல்ல, சினிமாதான்னு? அப்பறமும் எதுக்கு பஸ் ஏறுன?”

அப்பா என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை அது. கணக்குக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி மெதுவாகத் தலையை அசைத்தார்.

“வந்து சொல்லுச்சு,” என்றார். “நான்தான் நம்பல.”

பாருங்கள், அந்த ஒரு பேச்சில் அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார். தன்னைத் தானே முடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளை பேச்சைக்கூட நம்பாத ஆளோடு எந்த ஊருக்கும் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வேறு குடும்பம் என்கிற சந்தேகமும் அவள் மனதை விட்டுப் போகவில்லை. அப்பா தனியாகப் போனார். ஊரிலிருந்து கடிதம் வரும். நான் படித்துக் காட்டுவேன், அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள், பதில் எழுதச் சொல்ல மாட்டாள். நானாக எழுதின கடிதங்களில் பள்ளிக்கூடம், தம்பி, மழை எல்லாம் இருக்கும். அது மட்டும் இருக்காது. எனக்குக் கல்யாணமான வருஷம் அப்பா அங்கே இறந்துபோனார். அம்மா போன வருஷம்தான் என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடினாள். கடைசி வாரத்தில்கூட, “சொல்லியும் கேக்காம போனாருலா உங்கப்பா” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறுபத்தைந்து வயதுக் கிழவியை யார் அடிக்கப் போகிறார்கள்? சாகிற நேரத்தில் அவளுக்கு என் மேல் கோபம் வரக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நான் அவ்வளவு சுயநலக்காரி.

இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கப்பலேற்ற பினாங்குக்குப் போயிருந்தோம். துறைமுகத்தில் ஒரே கூட்டம், அழுகை, எண்ணெய் வாடை. அம்மா தம்பியை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். அப்பா குனிந்து என் சட்டைக் காலரைச் சரிபண்ணினார்.

“படம் நல்லா இருந்துச்சாம்மா?”

ம் என்றேன்.

“கடேசில அந்த ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்களா?”

“ஆயிட்டாங்கப்பா.”

“அப்ப நல்ல படந்தான்,” என்று நிமிர்ந்து, அம்மா நின்ற பக்கம் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.